பாம்புச் செவி

ஜூலை 6, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் இன்று என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார்கள். ராப் பாட்டு கேட்கும் வேலை.

ஆகஸ்ட் பதினைந்துக்கு நம் தொலைபேசி ஊழியர் குடியிருப்பில் வழக்கம்போல் கொடியேற்றம், பிள்ளைகள் கலைநிகழ்ச்சி. மேல்வீட்டு ஷைனி, பிளஸ் ஒன் படிக்கிறவள், தானே எழுதிய ராப் பாட்டுப் பாடுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். முதல் ஆளாக எழுந்து எதிர்த்தவர் அவளைப் பெற்ற பால்துரை. சங்கத்தின் பொருளாளர்.

"என் பிள்ளைன்னு பாக்க மாட்டேன். அம்புட்டும் கெட்ட வார்த்தை. இந்தப் பாட்டு மட்டுமில்ல, ராப்புங்கிறதே நம்ம காம்பவுண்டுக்குள்ள வேண்டாம். வயசுப் பிள்ளைங்க கெட்டுப் போகும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

செயலாளர் சங்கரலிங்கம் மட்டும் தலையைச் சொறிந்தார். லைன்மேனாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர், எதையும் சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். "கேக்காமலே தீர்மானம் போட்டா நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேப்பான். சுகிர்தம் மேடம் கேக்கட்டும். முப்பத்திரண்டு வருசம் டிரங்க் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து வெளியூர் கால் சேத்துவிட்ட காது" என்றார். அப்படி ஒரு மூவர் குழு: அவர், பால்துரை, நான். கேட்பது நான் மட்டும். ஆகஸ்ட் பத்தாம் தேதி அறிக்கை.

"பாவம் மேடம், இந்த வயசுல அந்தச் சாக்கடையை ஏன் கேக்கணும்?" என்று பால்துரை வருத்தப்பட்டார். பாட்டு கெட்டது என்று குழு சொல்லிவிட்டால் ஷைனியை நாகர்கோவில் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுவாராம். ஃபோனே கூடாத விடுதி.

மாலையில் நெத்திலிக் குழம்பு. ஏழு மணிக்கு மேல்வீட்டு டிவிச் செய்தி வழக்கம்போல் ஊருக்கே கேட்டது. பால்துரைக்குக் காது மந்தம் போலிருக்கிறது, பாவம். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்த உடுப்போடு ஷைனி வந்தாள். பாட்டை என் ஃபோனுக்கு அனுப்பினாள். கூடவே தன் ஹெட்ஃபோனையும் என் தலையில் மாட்டிவிட்டாள்.

எவ்வளவு வருடமாயிற்று! பஞ்சு வைத்த இரண்டு வட்டம் காதை மூடியதும் உலகம் அப்படியே தள்ளிப் போய்விட்டது. அவள் வாய் அசைந்தது, சத்தமில்லை. மீன்தொட்டிக்குள் இருக்கும் பிள்ளை மாதிரி தெரிந்தாள்.

"எத்தன தடவ கேப்பீங்க ஆன்ட்டி?"

"மூணு தடவ. முதல்ல குரல் மட்டும். ரெண்டாவது வார்த்தை மட்டும். மூணாவது ரெண்டும் சேத்து. எங்க வேலையில அப்படித்தான் பழக்கினாவ."

அவள் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"மேல இருந்து எங்க வீட்டுச் சத்தம் இங்க கேக்குமா?"

"செய்தி கேக்கும்."

"அது மட்டுமா?"

"வேற என்னத்த கேக்க?"

"ஒண்ணுமில்ல" என்று போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டுப் போவதில் கெட்டிக்காரர்கள்.

ஜூலை 9

முதல் முறை கேட்டேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஒரு வகையை அறியாமல் அதில் ஒன்றைத் தரம் பிரிக்கக் கூடாது என்று, ஷைனி கொடுத்த பட்டியலிலிருந்து வேறு பதினோரு ராப் பாட்டுகள் கேட்டேன். நாலு வெளிநாடு, ஏழு நம்மூர்.

நேர்மையாக எழுதுகிறேன். மூன்று பாட்டுகள் எனக்கு அருவருப்பாக இருந்தன. பெண்ணை எடை போட்டு விற்கிற பாட்டுகள். வார்த்தை ஒன்றுகூடக் கெட்டதில்லை, ஆனால் பதினாறு வயதுப் பையன் அதைக் கேட்டு வளர்ந்தால் எனக்குப் பயம்தான். இன்னொன்றில் ஒரு பையன், சாக்கடைக்குள் இறங்கிச் செத்த தன் தகப்பனைப் பற்றிப் பாடுகிறான். வரிக்கு வரி கெட்ட வார்த்தை. அதைக் கேட்டு அழுதேன். எந்த அளவுகோலை எடுத்தாலும் ஏதோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

மதியம் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தேன். கனவில் எக்ஸ்சேஞ்சின் பழைய ஸ்விட்ச் போர்டு. எனக்கு மேலே ஆகாயம் வரை உயர்ந்திருக்கிறது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன, ஒவ்வொன்றும் நம் காம்பவுண்டின் ஒரு ஜன்னல். யார் யாரோ தாளத்தில் பேசுகிறார்கள். தஞ்சாவூர், தூத்துக்குடி, பம்பாய், மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா, நீட்டிக்கவா. கையில் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எந்தத் துளையில் செருகுவது என்று தெரியவில்லை. விழித்தபோது காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாம், இங்கே அதன் காற்று மட்டும் வருகிறது.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாம் முறை. வார்த்தைகள் மட்டும்.

மொத்தம் ஏழு கெட்ட வார்த்தைகள். தாளில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. 'முதல் வார்த்தை', 'இரண்டாம் வார்த்தை' என்று எண் போட்டு வைத்திருக்கிறேன். அறுபத்தாறு வயதில் பேனாவுக்கு வெட்கம்!

எக்ஸ்சேஞ்சிலும் இதே கதைதான். லைனில் யாராவது ஆபாசமாகப் பேசினால் ஒரு முறை எச்சரிக்க வேண்டும், கேட்காவிட்டால் வயரை உருவ வேண்டும். அப்புறம் கால் விவரம் பதிகிற டிக்கெட்டில் அவர்கள் பேசியதை அப்படியே எழுத வேண்டும். சூப்பர்வைசர் அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடவேண்டும். பெண்கள் நாங்கள் யாரும் அப்படி எழுதியதில்லை. 'ஆபாசம்' என்று ஒரே சொல். சூப்பர்வைசருக்கும் அது வசதி. படிக்காமலே கையெழுத்துப் போடலாம்.

1983 ஜூன் மாதம் அப்படி ஒரு டிக்கெட் எழுதினேன். அதை இப்போது எதற்கு எழுதுகிறேன்? பால் பொங்குகிறது.

ஜூலை 18, வெள்ளி

படிக்கட்டில் ஜெயராணியைப் பார்த்தேன். ஷைனியின் அம்மா. இந்தப் புழுக்கத்தில் முழங்கை வரை துண்டைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். ஒல்லியாகிவிட்டாள். பத்து வருடமாக மேல்வீட்டில் இருக்கிறாள், ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"பாட்டு கேட்டீங்களாக்கா?"

"ரெண்டு தடவ கேட்டேன். நீ கேட்டியா?"

"எனக்கு அவ காட்டல." கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவினாள். "அக்கா, கெட்ட பாட்டுன்னே எழுதிருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தாய்!

"விடுதிக்கு அனுப்பிருவாரே?"

"போகட்டும். அங்கயாவது நிம்மதியாப் படிப்பா."

அதற்குள் மேலிருந்து குரல் வந்தது. "ஜெயா" என்றுதான் கூப்பிட்டார் பால்துரை, மெதுவாகத்தான் கூப்பிட்டார். அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஏறி ஓடினாள். நல்ல பணிவு.

ஜூலை 21, திங்கள்

பால்துரை திராட்சைப் பழத்தோடு வந்தார். சமையலறை டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிக் கொடுத்தார். காம்பவுண்டில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் வந்து நிற்பவர்.

"மேடம், முழுசும் கேக்கணும்னு இல்ல. முதல் ரெண்டு வரியிலயே தெரிஞ்சு போவும். நானே அதுக்கு மேல கேக்கல. காது கூசிட்டு."

"முழுசும் கேட்டாத்தானே சார் அறிக்கை."

"உங்க நல்லதுக்குச் சொன்னேன்" என்று சிரித்தார். ஸ்டூலை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

திராட்சை புளித்தது.

ஜூலை 24, வியாழன்

மூன்றாம் முறை. குரலும் வார்த்தையும் சேர்த்து.

இது ஒரு தனி அனுபவம். இத்தனை நாள் தனித்தனியாக மிதந்தவை ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. அவள் குரல் கோபமாக இல்லை. ஏதோ தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி, சீராக, அலுத்துக்கொண்டே சொல்கிறாள். பின்னணியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிப் பதிவு செய்திருக்கிறாள் போலும். கண்ணை மூடினால் மழைக்குள் நடக்கிற மாதிரி இருந்தது.

அறிக்கைக்காக எழுதிக்கொள்கிறேன்:

'ஆறு மணிக்கு வண்டி, ஆறரைக்குப் பூட்டு,
ஏழு மணிச் செய்திக்குச் சவுண்டக் கூட்டு.
நாடு நாசமாப் போவுதுன்னு டிவி கத்துது,
வீடு நாசமாப் போவது எங்க கேக்குது?'

இங்கே இரண்டாம் வார்த்தையும் மூன்றாம் வார்த்தையும் வருகின்றன. அப்புறம்:

'நேத்து எட்டு வளையல், இன்னைக்கு அஞ்சு,
மூணு கெடக்கு குப்பையில உடைஞ்சு.'

கடைசிப் பகுதியில் நாலு வரி சரியாகப் பிடிபடவில்லை. காற்று அதிகம்.

ஜூலை 25

இன்று கேட்கவில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

மறுபடி அதே கனவு. இந்த முறை ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. அது எந்த ஊர் என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தெரியும்.

எழுதிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

1983 ஜூன். மதிய ஷிஃப்ட். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் பம்பாய்க்கு அவசரக் கால் பதிந்திருந்தாள், தன் அண்ணனுக்கு. நாலு மணி நேரம் காத்திருந்தாள். இடையிடையே "கிடைச்சிட்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ரொம்ப மரியாதையாக. கிடைத்தது. இணைத்தேன். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் லைனில் இருந்தேன். அதுதான் வழக்கம்.

அண்ணன் "யாரு?" என்றார். அவ்வளவுதான், அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அப்படி வார்த்தைகளை ஒரு பெண் பேசி நான் கேட்டதே இல்லை. புருஷனைப் பற்றித்தான். எச்சரித்தேன்: "அம்மா, லைனில் மரியாதையாகப் பேசவும்." அவள் என்னையும் அதே வார்த்தையால் திட்டினாள். எனக்கு இருபத்துநாலு வயது. முகமெல்லாம் எரிந்தது. வயரை உருவிவிட்டேன். டிக்கெட்டில் 'ஆபாசம்' என்று எழுதினேன். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார்.

அரை மணி கழித்து மனசு கேட்கவில்லை. நானே அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி போனது. மறுநாளும் அடித்தேன், அதற்கு மறுநாளும். ஒரு மாதம் மணி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் அந்த இணைப்பை ஒப்படைத்துவிட்டார்கள் என்று பதிவேட்டில் வந்தது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

அந்த வார்த்தைகளுக்கு நடுவில் அவள் வேறு சிலதும் சொன்னாள். கதவு என்றாள். மண்ணெண்ணெய் என்றாள். "இப்ப வந்துருவான்" என்றாள். எல்லாம் என் காதில் விழுந்தது. அப்போதும் விழுந்தது. கெட்ட வார்த்தைகளை மட்டும்தான் நான் கேட்டேன்.

ஜூலை 31, வியாழன்

பிடிபடவில்லை என்று எழுதியிருந்தேனே, நாலு வரி. பொய். முதல் முறையே பிடிபட்டது. தூங்கிவிட்டேன் என்று எழுதியதும் பொய்.

'கீழ்வீட்டு ஆன்ட்டிக்குப் பாம்புச் செவி,
எறும்பு ஊர்ந்தாலும் எழுந்து உக்காருவாங்க.
எங்கம்மா விழுந்தா மட்டும்
எந்திரிச்சு ஜன்னலச் சாத்துவாங்க.'

இதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. பாட்டிலேயே என்னால் கேட்க முடியாத இடம் இதுதான்.

இன்று ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலைத் தள்ளிவிட்டு அதற்கு அடியில் கேட்டேன். எனக்கு அது முடியும். நாலு லைன் ஒன்றாகக் கலந்து வந்தாலும் ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்கிற காது இது. பத்து வருடமாகவே பிரித்துக் கேட்டிருக்கிறது. நான்தான் காது மந்தம் என்று அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நெத்திலிக் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

எட்டே நிமிடம். அப்புறம் சவுண்டைக் குறைத்துவிட்டார்கள்.

மேலே போகக் கால் வரவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்து, கதவு வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போனேன். ஷைனி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆடிக் காற்றில் புடவைகள் அவளைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன, ஒரு நேரம் தெரிந்தாள், ஒரு நேரம் தெரியவில்லை.

"கேட்டுட்டேன்ட்டி. கடைசி நாலு வரியும்" என்றேன்.

அவள் ஒரு கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் என்கிட்ட நேர்ல வந்து சொல்லல?"

"சொன்னாக் கேட்டிருப்பீங்களா ஆன்ட்டி?"

பறந்து வந்த ஒரு புடவை முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு வருசம் முன்னால மெர்சி டீச்சர்ட்ட சொன்னேன். ஜெபம் பண்ணுன்னாங்க. சித்திகிட்ட சொன்னேன். வீட்டு விசயம் வெளிய பேசாதேன்னாங்க. பாட்டுன்னா நல்லதா கெட்டதான்னு சொல்லுறதுக்காவது முழுசும் கேப்பாங்க. கெட்ட வார்த்தை இல்லாம எழுதியிருந்தா கைதட்டிட்டுப் போயிருப்பாங்க, கமிட்டி போட்டிருக்க மாட்டாங்க."

பதினாறு வயதுப் பிள்ளை போட்ட கணக்கைப் பாருங்கள். நாங்கள் அவளைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"உங்கம்மா உன்னை விடுதிக்கு அனுப்பச் சொல்லுதா."

"தெரியும். நான் இருக்கிறதால எட்டு நிமிசத்துல முடியுது ஆன்ட்டி. நடுவுல போய் நின்னுருவேன். நான் போயிட்டா யாரு நிப்பா?" கிளிப்பைத் துணியில் மாட்டினாள், எடுக்க வந்த துணியில் திரும்ப மாட்டினாள். "கெட்ட பாட்டுன்னு எழுதிறாதீங்க."

"எழுத மாட்டேன்ட்டி" என்றேன். என்ன எழுதப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 7

ஏழு வார்த்தைகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். அக்கம்பக்கம் கேட்காமலிருக்க மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு. ஐந்தாவதில் சிரிப்பு வந்துவிட்டது, ஆறாவதில் அழுகை. மிக்ஸியில் ஒன்றும் போடவில்லை, சூடாகிவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை பத்து மணிக்கு சங்க அறை. நாற்பது பேர் இருப்பார்கள். இத்தனை கூட்டம் தண்ணீர்ப் பிரச்சினைக்குக்கூட வந்ததில்லை. பின்வரிசையில், தேநீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஜெயராணி. அவளுக்கு அருகில் ஷைனி.

பால்துரை முன்னுரை சொன்னார். பிள்ளைகளின் எதிர்காலம், பண்பாடு, கைப்பேசி. குறை சொல்ல முடியாத பேச்சு. பிறகு சங்கரலிங்கம் என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். வாயைத் திறந்ததும் என் பழைய குரல் வந்துவிட்டது. ஏற்ற இறக்கம் இல்லாமல், எண்களை வாசிக்கிற குரல்.

"இந்தப் பாட்டுல ஏழு ஆபாச வார்த்தை இருக்கு. வார்த்தையைச் சொல்லாம ஆபாசம்னு மட்டும் எழுதக் கூடாதுங்கிறது எங்க துறை விதி. அதனால முழுசும் வாசிக்கேன்."

வாசித்தேன். முதல் வார்த்தைக்கே அறை சிரிப்பில் குலுங்கியது. யாரோ பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார்கள், ஒரு பிள்ளையும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர், "மேடம், போதும்" என்றார்.

"குறுக்க பேசாதீங்க. லைன்ல இருக்கேன்" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏழு மணிச் செய்தி என்ற வரி வந்ததும் எதிர்வீட்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வளையல் வரியில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பாம்புச் செவி எனக்கு மட்டும் இல்லை. இருபத்துநாலு வீட்டுக்கும் அந்தச் செய்தி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

என்னைப் பற்றிய நாலு வரியையும் வாசித்தேன். "கீழ்வீட்டு ஆன்ட்டின்னா நான்தான். எழுதியிருக்கிறது உண்மை" என்று சேர்த்துக்கொண்டேன். அதை மட்டும் அந்தக் குரலில் சொல்ல முடியவில்லை, உடைந்துவிட்டது.

பால்துரை எழுந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு. "பாத்தீங்களா? இவ்வளவு அசிங்கத்தை ஒரு பொம்பளப் பிள்ளை எங்க கத்துக்கிட்டா? எல்லாம் அந்த ஃபோனு! அதனாலதான் சொல்லுதேன்..."

"ஃபோன்ல இல்ல."

பின்னாலிருந்து வந்தது. பத்து வருடத்தில் ஜெயராணி கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. கையில் தேநீர்க் குவளை, பாதி நிரம்பியது.

"எங்க அடுக்களைல கத்துக்கிட்டா. அந்த ஏழும் நீங்க எனக்குச் சொன்னது. ஒண்ணுகூட அவ கூட்டிச் சேக்கல."

பால்துரை சிரித்துக்கொண்டே எல்லோரையும் பார்த்தார். "இது குடும்ப விசயம்" என்றார். யாரும் தலையாட்டவில்லை. பத்து வருடமாக அவர் டியூப்லைட் மாற்றிக் கொடுத்த அத்தனை வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். "ஜெயா, மேல வா" என்றார், மெதுவாகத்தான்.

அவள் நகரவில்லை. நான் போய் அவளுக்கு அருகில் நின்றேன். பிறகு எதிர்வீட்டு அம்மாவும் வந்து நின்றார்.

சங்கரலிங்கம் நோட்டை மூடினார். "பால்துரை சார், நீங்க வெளிய இருங்க" என்றார்.

மதியம் ஜெயராணியும் ஷைனியும் ஒரே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மகளிர் காவல் நிலையத்துக்குச் சங்கரலிங்கமும் அவர் மனைவியும் துணைக்கு வந்தார்கள். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. இனி என்ன ஆகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, மூன்று பேருக்கும்.

இருவரும் என் கட்டிலில் தூங்குகிறார்கள். ஷைனி தூக்கத்திலும் அம்மாவுக்கும் கதவுக்கும் நடுவில்தான் படுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் சங்கரலிங்கம் தீர்மான நோட்டோடு வந்தார். அவருக்கு இன்னும் வேலை முடியவில்லை.

"என்னன்னு எழுத மேடம்? பிள்ளைகளுக்கு ஏத்த பாட்டா, ஏத்ததில்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, பதினஞ்சாந்தேதி வந்துட்டு."

நான் சொல்லச் சொல்ல எழுதினார்: 'இப்பாடலில் ஏழு ஆபாச வார்த்தைகள் உள்ளன. பதின்ம வயதினர் கேட்பது அவரவர் விருப்பம். குடியிருப்பிலுள்ள பெரியவர்கள் அனைவரும் ஒருமுறையேனும் கட்டாயம் கேட்க வேண்டும்.'

"இப்படி ஒரு தீர்மானம் நான் எழுதினதே இல்ல" என்றார். ஆனால் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். மூன்றாவது உறுப்பினருக்கான இடம் காலியாக இருந்தது. அவர் பேனாவை மூடப் போனார்.

அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஜெயராணி வந்தாள். "நான் போடலாமா அண்ணே?"

சங்கரலிங்கம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். விதியில் இடமில்லை. பேனாவை நீட்டினார். அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் எழுதினாள். எழுதி முடித்தும் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா இன்னும் நான் கேக்கல அக்கா. அன்னைக்கு உங்க குரல்லதான் கேட்டேன். அவ குரல்ல கேக்கல."

ஷைனி வெட்கப்பட்டு, "ஐயோ, இப்ப வேண்டாம்மா" என்று உள்ளறைக்கு ஓடிவிட்டாள். பாட்டை ஓடவிட்டு ஃபோனை ஜெயராணியின் கையில் கொடுத்தேன். டிரங்க் கால் வந்தவள் மாதிரி அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். காற்றில் அவள் முந்தானை மட்டும் அசைந்தது.

எந்த இடத்தில் எந்த வார்த்தை வரும் என்று எனக்கு நொடி பிசகாமல் தெரியும். முதல் வார்த்தை வருகிற இடம் வந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயராணி சிரித்தாள். பல் தெரிய, சத்தமாக. "கழுதை, எப்படிச் சொல்லுதா பாருங்களேன்" என்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க.